கோமாரியும் பனிக்கட்டியும்

யான் போச்சம்பள்ளியான். கல்லூரியிற் சேர்ந்த முதல் வாரத்திலேயே என் ஊர்ப்பெயர் கேட்ட விடுதி நண்பர் மூவர், "அங்கே பட்டுச்சேலை பெயர்போனதாமே, விடுமுறை கழிந்து வரும்பொழுது என் தமக்கைக்கு ஒன்று கொணர்தல் கூடுமோ?" என்று வினவினர். சேலையாற் புகழ்பெற்றது தெலுங்கானாவிலுள்ள பூதான் போச்சம்பள்ளி. எங்களது கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளி. எங்களூரிற் பெயர்பெற்றது சேலையன்று, ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. இதனைப் பலமுறை வாயாற் சொல்லி அலுத்துவிட்டமையின், இம்முறை அச்சிலேயே போட்டு வைக்கின்றேன்.

ஞாயிறு காலை ஆராதனை முடிந்து யாங்கள் வெளிவரும் வேளை, சந்தை நிறைந்து வழியும் வேளை. ஆடுகளின் கதறலும், மாட்டுத் தரகர் துண்டின்கீழ் விரல்பற்றி ஓசையின்றி விலைபேசுங் காட்சியும், புளியும் மிளகாயுங் குவிந்த குவியல்களும், சாணமும் புழுதியுங் கலந்த மணமும் என் இளமைக்கால ஞாயிறுகளோடு பிரிக்கலாகாதவாறு பிணைந்துள்ளன. இப்பொழுது ஊரைச் சூழச் சிப்காட் தொழிற்பேட்டையின் ஆலைகள் எழுந்துள்ளன. மின்சார ஸ்கூட்டர் செய்யும் பேராலையும் அப்பக்கத்ததே. ஆயினும் மாடு போய்விடவில்லை. ஆலை வேலைக்குச் செல்லும் மகளிர் பலர் விடியுமுன் எழுந்து பால் கறந்து, சங்கத்தில் ஊற்றிவிட்டே கம்பெனிப் பேருந்து ஏறுகின்றனர். கறவைமாடு ஒன்று படுத்துவிடின் அவ்வீட்டிற்கு நேரும் இழப்பு எத்தகையதென்பதை மாடு வளர்த்தவரே அறிவர்.

யான் எழுதப் புகுந்தது அம்மாடுகளைப் படுக்கவைக்கும் நோயொன்றைப் பற்றியும், அந்நோயைத் தடுக்கும் மருந்தை இக்காலத்து அறிஞர் எவ்வாறு வடிவறிந்து வடிக்கின்றனர் என்பதைப் பற்றியுமாம். 'தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் பயிலும் நினக்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு?' என்று சிலர் நகுவர். காரணம் ஒன்று உண்டு. அதனை யான் பதினோராண்டு எவர்க்குஞ் சொல்லிலேன்.

முதற்கண் நோயின் பெயர். ஆங்கிலேயர் இதனைக் கால்வாய் நோய் என்னும் பொருள்படப் பெயரிட்டனர். நம்மவர் வைத்த பெயர் கோமாரி. கோ என்பது பசு. மாரி என்னுஞ் சொற்கு மழையெனவும், கொள்ளைநோயெனவும், சாவெனவும் பொருள்கள் உள. மழைபோல் ஒரே நாளில் ஊர்முழுதும் இறங்கும் இந்நோய்க்கு இதனினும் பொருந்திய பெயர் இராது. இன்னுமொரு வேடிக்கை: தடுப்பூசி மருந்திற்கு மேலைநாட்டார் வழங்கும் வாக்ஸீன் என்னும் பெயர் பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்றும் பிறந்தது. 1796ஆம் ஆண்டில் ஜென்னர் என்பார் பசுவின் அம்மைப்பாலெடுத்து மனிதனுக்குக் குத்தினமையே அதற்குக் காரணம். பசு நமக்குத் தந்த கடனை நாம் பசுவிற்குத் திருப்பித்தர முயலுங் கதையே இஃது என்று கொள்ளலாம்.

நிற்க. 2013ஆம் ஆண்டின் பிற்பகுதியில் கருநாடகத்திலுந் தமிழகத்திலுங் கோமாரி பெரிதும் பரவிற்று. எனக்கு அப்பொழுது எட்டு வயது. எங்கள் தொழுவில் சிவப்பி என்றோர் ஈன்ற பசுவும், ஏழு வாரத்துக் கன்றொன்றும் நின்றன. எல்லைக்கு அப்பாலிருந்து வந்த மாடுகள் வழியே நோய் வருகின்றதென்னும் பேச்சுச் சந்தையில் எழுந்தவுடன், என் தாத்தா, இலவச முகாம் வருங்காறுங் காத்திருக்க மனமின்றி, என்னையும் உடனழைத்துக்கொண்டு பேருந்தேறிப் பட்டணம் சென்று, கடையொன்றில் மருந்துப் புட்டியொன்று வாங்கினார். கடைக்காரர், "சூடு படாமற் கொண்டுபோக வேண்டும், பெரியவரே" என்று சொல்லி, எங்கள் எவர்சில்வர் தூக்குப்போசியிற் பனிக்கட்டியை நிரப்பி, அதனிடையே புட்டியை வைத்துக் கொடுத்தார்.

திரும்பும் பேருந்திற் கூட்டம் மிகுதி. தூக்குப்போசி என் மடியிலிருந்தது. வெயிலோ சொல்லுந்தரமன்று. தாத்தா சன்னலிற் றலைசாய்த்து உறங்கினார். யான் மூடியைத் திறந்து ஒரு துண்டு பனிக்கட்டியை எடுத்து வாயிலிட்டேன். அதன் சுவையை இன்றும் நாவில் உணர்கின்றேன். ஒன்று இரண்டாயிற்று, இரண்டு ஐந்தாயிற்று. ஊர் வந்திறங்கும்பொழுது போசியில் எஞ்சியது பெரும்பாலும் நீரே. அந்நீரிற் புட்டி மிதந்துகொண்டிருந்தது. தாத்தா திறந்து பார்த்து, "வெயிலிலே கரைஞ்சு போச்சு" என்றார். யான் வாய் திறந்திலேன்.

அன்று மாலையே தெரிந்த ஒருவர் வந்து சிவப்பிக்கு ஊசி போட்டார். பத்தாம் நாள் சிவப்பி தீவனம் எடுக்கவில்லை. வாயினின்றும் எச்சில் கயிறு கயிறாய் ஒழுகிற்று. நாவிலுங் குளம்பிடுக்கிலுங் கொப்புளங்கள் எழுந்துடைந்தன. நிற்கமாட்டாது ஒரு காலை மாற்றி ஒரு காலைத் தூக்கிக்கொண்டே நின்றது. பாட்டியார் சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு என்றிவற்றை அரைத்து, வெல்லமுந் தேங்காயுஞ் சேர்த்துப் பிசைந்து நாவிற் றடவினார். குப்பைமேனியும் வேம்பும் நல்லெண்ணெயிற் காய்ச்சிக் குளம்பிற் பூசினார். சிவப்பி பிழைத்தது. ஆயினும் முன்போற் பால் கறக்கவில்லை.

கன்றின் செய்தி வேறு. அதன் வாயிற் கொப்புளமில்லை, காலிற் புண்ணில்லை. நோய் தொடங்கிய மூன்றாம் நாட் காலையிற் றாயின் மடியை முட்டிப் பால் குடித்துக்கொண்டிருந்தது, அப்படியே முன்னங்கால் மடிந்து சரிந்து இறந்தது. இளங்கன்றுகளில் இவ்வைரஸ் இதயத் தசையையே தாக்குமென்றும், புறத்தே குறியொன்றுமின்றிக் கன்று திடீரென வீழுமென்றும் பின்னர் அறிந்தேன். அன்றோ, யான் தின்ற பனிக்கட்டியே கன்றைக் கொன்றதென்று எண்ணினேன். தாத்தா எண்ணியது பிறிதொன்று. "ஊசியெல்லாம் பொய்" என்றார். அன்றுமுதல் எங்கள் மாடுகளுக்கு ஊசியில்லை. 2019ஆம் ஆண்டு செப்டம்பரில் நடுவணரசு நாடுமுழுதுங் கோமாரியை ஒழிக்கப் பெருந்திட்டந் தொடங்கி, ஆண்டிற்கு இருமுறை விலையின்றி ஊசியிடவும், காதிற் பன்னிரண்டிலக்க எண் பொறித்த மஞ்சள் வில்லை மாட்டவும் ஆட்களை அனுப்பிய காலத்தும், தாத்தா மாட்டை ஓட்டிக்கொண்டு ஏரிக்கரைப் புதரிடை மறைந்துவிடுவார். அவர் மறைந்த புதர்க்குக் காரணம் யானென்னும் நினைவு என்னை விடவில்லை.

கல்லூரியில் என் அறைத்தோழர் உயிர்வேதியியல் பயில்பவர். ஓரிரவு அவர் கணிப்பொறித் திரையில் ஏதோ ஒரு வண்ணப்பந்தைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். "இஃதென்ன?" என்றேன். "கோமாரி வைரஸ்" என்றார். யான் வியர்த்துப்போனேன். எட்டு வயதில் எங்கள் தொழுவிற் புகுந்தது இத்துணை அழகுடையதென்று யான் எண்ணியதில்லை.

இதன் வரலாறு நெடிது. விலங்குநோய்களுள், வடிகட்டியிலும் அகப்படாத நுண்பொருளால் விளைவதென்று முதன்முதல் மெய்ப்பிக்கப்பட்டது கோமாரியே. 1898ஆம் ஆண்டில் லோஃப்லர், ஃபிராஷ் என்னும் ஜெர்மானியர் இருவர் அதனைக் காட்டினர். ஆயின் அதன் உருவத்தை அணுவணுவாகக் காணத் தொண்ணூறாண்டிற்கு மேலாயிற்று. 1989இல் இங்கிலாந்திற் டேவிட் ஸ்டூவர்ட் முதலாய அறிஞர் குழுவினர் எக்ஸ்கதிரால் அதன் முப்பரிமாண வடிவைக் கண்டு வெளியிட்டனர். அவ்வெளியீட்டின் முதற்பெயர் ஆச்சார்யா என்னும் இந்தியருடையது. ஒரு மீட்டரை ஆயிரங்கோடிக் கூறாக்கின் அவற்றுள் ஒரு கூறு ஓர் ஆங்ஸ்ட்ராம். அவர்கள் கண்ட நுட்பம் 2.9 ஆங்ஸ்ட்ராம். வைரஸைப் படிகமாக்கி, அதன்மேற் கதிரைப் பாய்ச்சி, சிதறிவிழும் புள்ளிகளைக் கணக்கிட்டு, அக்கணக்கினின்றும் வடிவை மீட்டெடுப்பது அம்முறை. சந்தைத் தரகர் துண்டின்கீழ் விரலைத் தொட்டே விலையை அறிவதுபோல், காணாத பொருளை அதன் குறிகொண்டு அறிதல்.

கண்ட வடிவு இது. வைரஸின் உள்ளே ஏறத்தாழ எண்ணாயிரத்தைந்நூறு எழுத்துடைய ஆர்.என்.ஏ இழையொன்று சுருண்டு கிடக்கும். அதுவே நோயின் வித்து. அதனைச் சூழ்ந்து புரதத்தாலாய ஓடு. அவ்வோடு நால்வகைப் புரதங்களாலாயது. ஒவ்வொரு வகையிலும் அறுபது படிகள். அவ்வறுபதும் ஐந்தைந்தாய்க் கூடிப் பன்னிரண்டு ஐங்கோணங்களாகின்றன. பன்னிரண்டு ஐங்கோணமும் விளிம்போடு விளிம்பு பொருந்தி ஒரு பந்தாகின்றன. சிறுவர்க்குப் பனையோலையிற் கிலுகிலுப்பை முடைவாரை நீவிர் கண்டிருப்பீர். ஓலையை மடக்கி மடக்கிச் செருகி, ஆணியும் பசையுமின்றி உருண்டையாக்கி, உள்ளே சிறுகல்லை இடுவர். வைரஸின் ஓடும் அன்னதே; ஆணியில்லை, பசையில்லை. ஐங்கோணங்கள் ஒன்றையொன்று மெல்லப் பற்றிநிற்கும் பற்றே அதன் வலிமை.

அப்பற்றோ மிக மெல்லியது. சிறிது சூடு மிகினும், சிறிது புளிப்பு ஏறினும் அது தளர்ந்து, பந்து பன்னிரண்டு ஓடுகளாகச் சிதறிவிடும். இஃது இயற்கையின் பிழையன்று. இங்கே யான் தோழரைப் பலமுறை கேட்டுத் தெளிந்த செய்தி ஒன்றுண்டு. வைரஸ் உயிரணுவினுள் நுழையும்பொழுது அங்குள்ள சிறு பைகளிற் புளிப்பு மிகுதி. அப்புளிப்பிற் றன் ஓடு உடைந்தாலன்றி அது தன் வித்தை வெளிவிட்டு நோய் செய்தல் இயலாது. ஆகவே அது உடைவதற்கென்றே சமைந்த ஓடு. உடையாத ஓடுடைய வைரஸ் நோய் செய்யாது.

இனித் தடுப்பூசியைப் பார்ப்போம். நம் நாட்டுத் திட்டத்தில் இடப்படும் மருந்து, உயிரணுக்களில் வைரஸை வளர்த்து, பின்னர் இரசாயனத்தாற் கொன்று, எண்ணெய் சேர்த்துச் செய்யப்படுவது. இந்தியாவில் உலவும் ஓ, ஏ, ஆசியா 1 என்னும் மூவகையும் அதில் உண்டு. வைரஸ் செத்தாலும் அதன் ஓடு முழுமையாயிருத்தல் வேண்டும். ஏனெனின், பசுவின் உடல் இனங்கண்டு நினைவிற்கொண்டு எதிர்ப்பொருள் செய்வது அம்முழுவடிவத்தையே. ஓடு பன்னிரண்டாகச் சிதறின் அதே புரதம் அதே அளவில் இருந்தும் அதனாற் பயன் மிகமிகக் குறைவு. உருவம் போயின் பொருளிருந்தும் இல்லாததே. ஆதலாற்றான் அம்மருந்தை 2 பாகைமுதல் 8 பாகைவரையுள்ள குளிரிலேயே ஆலையிலிருந்து தொழுவம்வரை கொண்டுவர வேண்டுமென்பது விதி. வைரஸிற்கு உடைவது வாழ்வு. மருந்திற்கு உடையாதிருத்தல் வாழ்வு. இவ்விரண்டுக்கும் இடையிலகப்பட்டதே பனிக்கட்டி. இதனைக் கேட்ட இரவு யான் உறங்கிலேன்.

மருந்து செய்வதில் வேறோரிடரும் உண்டு. கொல்லுமுன் உயிருள்ள வைரஸைப் பெருந்தொட்டிகளில் வளர்த்தாக வேண்டும். 2001ஆம் ஆண்டு இங்கிலாந்திற் கோமாரி வந்தபொழுது அறுபது இலக்கத்திற்கு மேற்பட்ட கால்நடைகளைக் கொன்று அதனை அடக்கினர். 2007இல் மீண்டும் அங்கே சிறிய அளவில் நோய் தோன்றிற்று. ஆராய்ந்தபொழுது, அவ்வைரஸைக் கையாளும் ஆய்வகமும் மருந்தாலையும் ஒருங்கமைந்த வளாகத்திலிருந்தே, பழுதுற்ற வடிகால் வழியாக அது வெளியேறியிருத்தல் வேண்டுமென்று கண்டனர். காவலன் வீட்டிலிருந்தே கள்வன் வெளிப்பட்டாற்போலும்!

வடிவறிந்தவர்க்கு இவ்விரண்டு இடர்க்கும் ஒருங்கே வழி தோன்றிற்று. உள்ளே வித்தில்லாத வெற்றோட்டை மட்டும் செய்வோம். அது நோய் செய்யாது. அவ்வெற்றோடோ நிறையோட்டினும் எளிதிற் சிதறுவது. ஆகவே அதனைத் தைப்போம். எங்கே தைப்பது? படத்தைப் பார்த்தனர். ஐங்கோணமும் ஐங்கோணமும் கூடும் விளிம்பின் நடுவே, இரண்டாம் புரதத்தின் 93ஆம் இடத்து அமினோ அமிலம், எதிர்ப்பக்கத்துப் புரதத்தின் அதே 93ஆம் இடத்தை முகத்துக்குமுகம் நோக்கி நிற்கின்றது.

புரதமென்பது இருபது எழுத்துக்களால் எழுதப்பெற்ற நெடுஞ்சொல். நம் முதலெழுத்து முப்பது. இயற்கை இருபதோடு அமைந்தது. அந்நெடுஞ்சொல்லில் 93ஆம் எழுத்தை மாற்றி அங்கே சிஸ்டீன் என்பதை வைத்தனர். சிஸ்டீனிற் கந்தகம் உண்டு. இரு சிஸ்டீன்கள் எதிரெதிர் நிற்பின் அவற்றின் கந்தகங்கள் கைகோத்துக்கொள்ளும். பந்தில் அத்தகைய விளிம்புகள் முப்பது. ஆகவே ஓரெழுத்தை மாற்ற, முப்பது தையல் தாமே விழுந்தன. எனக்குப் பெரிதும் இன்பமளித்தது பிறிதொன்று. மாட்டின் கொம்பையுங் குளம்பையும் உரமுடையனவாக்குவது இதே கந்தகப் பிணைப்பாம். எக்குளம்பின் இடுக்கில் அந்நோய் புண்செய்கின்றதோ, அக்குளம்பை இறுக்கும் முடிச்சையே கடன்வாங்கி நோயின் ஓட்டைத் தைத்தனர்.

2013ஆம் ஆண்டில் — சிவப்பி நோயுற்ற அதே ஆண்டில் — இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டு, ரெடிங், பிர்பிரைட் ஆகிய இடங்களின் அறிஞர்கள் இவ்வாறு தைத்த ஏ வகை வெற்றோட்டைப் பசுக்களுக்கு இட்டு, அது காப்பளித்ததை வெளியிட்டனர். ஈராண்டு கழிந்து, அபய் கோடேச்சா முதலானோர், ஓ வகைக்கும் ஆப்பிரிக்க வகையொன்றிற்கும் அதே 93ஆம் இடத்தில் எவ்வெழுத்தை வைப்பின் பற்று மிகும் என்பதை முன்னரே கணிப்பொறியிற் கணக்கிட்டு, கந்தகமின்றி, வளையமுடைய பெரிய அமினோ அமிலத்தை வைத்தும் ஓட்டை உறுதிப்படுத்தலாமெனக் காட்டினர். கணக்கிற் கண்டதைப் பின்னர் வடிவெடுத்துப் பார்த்தபொழுது அஃது ஒத்திருந்தது. பழங்காலத்து மருத்துவர் கொன்று பார்த்து, மெலிவித்துப் பார்த்து, குத்திப் பார்த்து மருந்து கண்டனர். இவர்களோ தச்சர்போல் அளவெடுத்த பின்னரே உளியெடுத்தனர்.

இம்முறை மாட்டோடு நின்றுவிடவில்லை. குழந்தைகளையும் முதியோரையும் வருத்தும் ஆர்.எஸ்.வி என்னும் நுரையீரல் வைரஸின் புரதமொன்று தொற்றுமுன் ஒரு வடிவும், தொற்றியபின் வேறொரு வடிவுங் கொள்ளும். உடல் முன்வடிவையே இனங்காண வேண்டும். 2013இல் மக்லெல்லன், கிரஹாம் முதலாய அமெரிக்க அறிஞர் அம்முன்வடிவைக் குலையாது நிறுத்தும் வழி கண்டனர். அதன்வழி வந்த தடுப்பூசிகள் 2023இல் ஒப்புதல் பெற்றன. கொரோனாத் தடுப்பூசிகளுட் பலவற்றிலும் கூர்ப்புரதத்தின் ஈரிடத்திற் புரோலின் என்னும் அமினோ அமிலம் வைத்து முன்வடிவை இறுக்கினர். புரோலின் வளைந்துகொடாதது. எக்கோணத்திற் புரதவிழை வளையலாம், எக்கோணத்தில் வளையலாகாது என்பதற்கு எல்லைவகுத்தவர் யாரெனின், நம் சென்னைப் பல்கலைக்கழகத்து இராமச்சந்திரனாரே. 1963இல் அவரும் இராமகிருஷ்ணன், சசிசேகரன் என்பாருங் கண்ட படத்தை இராமச்சந்திரன் வரைபடமென்றே உலகம் வழங்குகின்றது. இன்றும் எவரேனும் ஒரு புரதத்தின் வடிவைக் கண்டதாகச் சொல்லின் அவ்வரைபடத்தில் வைத்தே முதலிற் சரிபார்க்கின்றனர். கடற்கரைச் சாலையில் அப்பல்கலைக்கழகத்தின் முன்னே பலமுறை நடந்திருக்கின்றேன். இதனை அறியாமலே நடந்தேன்.

ஓசூருக்கு அப்பாலுள்ள பெங்களூரில் இந்திய அறிவியற் கழகத்து வரதராஜன் குழுவினரும் இவ்வழியே கொரோனாவிற்கு ஒரு புரதத்தை வடித்துள்ளனர். அதனை உலர்த்தி 37 பாகை வெப்பத்தில் ஒரு மாதம் வைத்தும் கெடவில்லையாம். 37 பாகை என்பது எங்களூர்ச் சித்திரை வெயில். தூக்குப்போசியும் வேண்டா, பனிக்கட்டியும் வேண்டா. ஆயின் ஒன்று சொல்லியாக வேண்டும்: தைத்த ஓட்டுக் கோமாரி மருந்து எங்கள் தொழுவங்கட்கு இன்னும் வந்திலது. காதில் வில்லை மாட்ட வருபவர் கையிலிருப்பது பழைய மருந்தும் பனிக்கட்டிப் பெட்டியுமே. ஆய்வுக்கூடத்திற் பன்னிரு மாட்டிற்குச் செய்வதும், ஆண்டிற்கு இருமுறை கோடிக்கணக்கான மாடுகட்கு மலிவாய்ச் செய்வதும் ஒன்றல்ல. இதனை மறந்து, அறிவியல் வென்றுவிட்டதென்று கைகொட்டுவார் கட்டுரைகளைப் படிக்குந்தோறும் எனக்குச் சிறிது சினம் எழுகின்றது.

சென்ற விடுமுறையில் ஊர்க் கால்நடை மருத்துவர் ஒருவரிடஞ் சென்று, என் பெயர் சொல்லாமல், "ஒரு சிறுவன்" என்று கதையாகத் தொடங்கி எல்லாவற்றையுங் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கேட்டார்; அச்சிறுவன் யாரென்பது அவர்க்கு விளங்கியிருக்குமென்றே நினைக்கின்றேன். "தம்பி, ஒரு மணிநேரம் பனிநீரிற் கிடந்த புட்டி உடனே கெட்டுப்போகாது. அதற்குமுன் அது எங்கெங்கே எத்தனை நாள் வெயிலிற் கிடந்ததோ, யார் கண்டார்? ஊசி வேலைசெய்ய ஒரு வாரம், இருவாரம் வேண்டும். பத்தாம் நாள் என்பது எல்லைக்கோட்டில் நிற்கும் நாள். நோய் முன்னமே உள்ளிருந்திருக்கலாம். முதன்முறை இட்டால் ஒரு மாதங் கழித்து மறுமுறையும் இட வேண்டும், இட்டாரா?" என்றார். இடவில்லை. "கன்றுக்கு?" என்றேன். "ஏழு வாரக் கன்றுக்கு ஊசியே கிடையாது. ஈனுமுன் தாய்க்கு ஊசி இட்டிருந்தால் சீம்பாலிற் காப்பு வந்திருக்கும். ஈன்றபின் இட்டது கன்றுக்கு எப்படிச் சேரும்?" என்றார். வெளியே வந்து வேப்பமரத்தடியில் நெடுநேரம் நின்றேன். விடுதலை பெற்றாற்போலும் இருந்தது. முழு விடுதலையன்றென்றுந் தோன்றிற்று. சிவப்பிக்கு நோய் வாராதிருந்திருப்பின் கன்றின் முகத்தருகே அத்துணை நச்சு வந்திராதன்றோ?

அன்றிரவு தாத்தா கயிற்றுக்கட்டிலிற் படுத்திருந்தார். மறுநாள் ஊசி முகாமென்று தண்டோரா வந்திருந்தது. அவர் விடியற்காலம் ஏரிக்கரைக்குப் போவதற்காகக் கைத்தடியை எடுத்துத் தலைமாட்டில் வைத்திருந்தார். யான் கட்டிற்காலருகே அமர்ந்து, பேருந்தில் நிகழ்ந்ததைச் சொன்னேன். இடையிடையே என் குரல் தடுமாறிற்று. ஓட்டையும் ஐங்கோணத்தையும் சொல்லப்புகுந்து, அவர்க்கு விளங்குமாறு கிலுகிலுப்பையை உவமை கூறினேன். அவர் ஒன்றுஞ் சொல்லாமல் விண்மீனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு,

"ஏன்டா கண்ணு, இத்தனை வருசமா இதையா நெஞ்சிலே வெச்சிருந்தே?" என்றார்.

"ஆமாந் தாத்தா."

"நீ எத்தனை தின்னே?"

"ஏழெட்டுத் துண்டு இருக்கும்."

"அப்படியானா மிச்சம் நான் தின்னது. மத்தூர் தாண்டினதும் நீ தூங்கிப்போனே. எனக்கும் நாக்கு வறண்டிருந்தது."

யாங்கள் இருவருஞ் சிரித்தோமா, அழுதோமா என்பதை எழுதத் தெரியவில்லை. பாட்டியார் உள்ளிருந்து, "இந்நேரத்திலே என்ன கூத்து?" என்று அதட்டினார்.

காலையில் ஊசி போடுவோர் இருவர் மோட்டார் வண்டியில் வந்தனர். மாடு வாசற் கொட்டிலிலேயே கட்டப்பட்டிருந்தது. தாத்தா அவர்களைத் தடுத்து நிறுத்தி, முதலில் அந்நீலநிறப் பெட்டியின் மூடியைத் தாமே திறந்து, உள்ளே கையைவிட்டுப் பனிக்கட்டியைத் தொட்டுப் பார்த்தார். நெடுநேரம் தொட்டுப் பார்த்தார். பின்னர் மூக்கணாங்கயிற்றைப் பற்றிக்கொண்டு, "போடுங்க" என்றார்.